பாய் விரிக்கத் தெரியுமா?

'பாய்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நம் முன்னோர்கள் இரண்டு காரியம் பண்ணியிருக்கிறார்கள். தரையில் விரித்தால் தூக்கம். மரத்தில் விரித்தால் பயணம். இரண்டில் எதை விரிப்பது என்பதில் ஆண் குலத்துக்கு எப்போதுமே சந்தேகம் வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எந்த வீட்டில் வேண்டுமானாலும் எட்டிப் பாருங்கள், முதல் அர்த்தம் குறட்டையோடு அமலில் இருக்கும்.

இரண்டாவது அர்த்தத்தைப் பெண்கள் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். இந்த வாரம் அந்தக் கதை.

எங்கள் கூடலூரிலிருந்து ஆரம்பிக்கலாம். (நீலகிரி கூடலூர் இல்லை ஸார், தேனி மாவட்டத்துக் கூடலூர். ஸ்வெட்டர் வேண்டாம், துண்டு போதும்.) பாய்மரப் படகு ஓட்ட மூன்று சாமான் தேவை: தண்ணீர், காற்று, பாய்.

தண்ணீர் இருக்கிறது. 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையில் தேங்கும் தண்ணீர், தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து, ராட்சதக் குழாயில் இறங்கி, லோயர் கேம்ப்பில் கரண்ட் கொடுத்துவிட்டு, முல்லைப் பெரியாறு என்ற பெயரோடு எங்கள் ஊரைத் தாண்டித்தான் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று கீழே போகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு அதுதான் படியளக்கிறது. போகிற வழியில் மதுரைக்காரர்களின் தாகத்தையும் தீர்க்கிறது.

காற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனி, ஆடியில் மலை இடுக்கு வழியாக வந்து அடிக்கிற அடியில், கொடியில் காயப்போட்ட வேட்டியை அடுத்த தெருவில் போய்த்தான் வாங்கி வரவேண்டும். தேனிப் பக்கம் காற்றாலைகளை நட்டு வைத்து அந்தக் காற்றுக்கு மீட்டர் போட்டுவிட்டார்கள்.

ஆக, தண்ணீர் ரெடி. காற்று ரெடி. பாய் மட்டும்தான் பாக்கி. அதுவும் வீட்டுக்கு நாலு இருக்கிறது. மேலே சொன்ன மாதிரி, தரையில்!

நியாயமாகப் பேசினால், எங்கள் ஆற்றில் பாய்மரப் படகு ஓட்ட முடியாது. அகலம் பத்தாது, இழுப்பு ஜாஸ்தி, நடுநடுவே தடுப்பணை. இந்தக் கரையில் பாயைத் திருப்பி முடிப்பதற்குள் அந்தக் கரைத் தென்னை மரம் நெற்றியில் வந்து முட்டும். ஆனால் கரையில் கொஞ்ச நேரம் நின்று கவனித்தால் ஒரு விஷயம் தெரியும். அந்த ஆற்றுத் தண்ணீரோடு நாள் முழுக்கப் பழகுவது பெண்கள்தான். துவைப்பது, குளிப்பது, வயலில் நாற்றுப் பறிப்பது, நடுவது எல்லாம் அவர்கள். அவ்வளவு பழகியும் அந்த சிநேகிதம் முழங்காலோடு நின்றுவிடுகிறது. பையன் பாலத்துச் சுவரில் ஏறித் தலைகுப்புறக் குதித்தால், "சேட்டைக்காரப் பய" என்று பெருமையாகச் சிரிப்பார்கள். பெண் பிள்ளை இடுப்பளவு தண்ணீருக்குப் போனால் போதும்...

"ஏ புள்ள, கரையேறு! அங்கிட்டு உனக்கு என்ன சோலி?"

இந்த 'என்ன சோலி'க்கு ஒரு பதில் கோவாவில் கிடைத்தது. அதுவும் ஒரு ஆற்றில்.

மாண்டவி என்ற அந்த ஆற்றுக்கு உள்ளூரில் 'மாதேயி' என்றும் பெயர். அந்த ஆற்றின் பெயரையே ஒரு பாய்மரப் படகுக்கு வைத்திருக்கிறது நம் கப்பற்படை. ஆற்றின் நடுவில் இருக்கும் திவார் தீவில்தான் அந்தப் படகைக் கட்டினார்கள். 2009-ல் அதில் தன்னந்தனியாகக் கிளம்பி, 2010-ல் உலகைச் சுற்றித் திரும்பியவர் திலீப் தோண்டே. அப்படிச் சுற்றிய முதல் இந்தியர். சில வருஷம் கழித்து அவரிடம் ஒரு பெண்கள் குழுவை ஒப்படைத்து, "இவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள்" என்றார்கள்.

குழுவில் ஆறு பேர். எந்தெந்த ஊர் என்று பாருங்கள். கேப்டன் வர்த்திகா ஜோஷி ரிஷிகேஷ்காரர். பிரதிபா ஜம்வால் குல்லு பள்ளத்தாக்கு. பாயல் குப்தா டேராடூன். விஜயா தேவி மணிப்பூர். ஐஸ்வர்யா பொட்டபட்டி ஹைதராபாத். ஸ்வாதி மட்டும் விசாகப்பட்டினம். ஆறில் ஐந்து பேர் ஊரில் கடலே கிடையாது! மலை, பள்ளத்தாக்கு, ஆறு. ஏறக்குறைய எங்கள் கூடலூர் ஜாதகம்தான்.

'கப்பற்படை ஆபீஸர்கள்தானே, அவர்களுக்கு என்ன கஷ்டம்?' என்று நினைக்காதீர்கள். ரயில்வேயில் வேலை பார்ப்பவர் எல்லாம் இன்ஜின் ஓட்டுகிறாரா? அது மாதிரிதான். ஒருவர் கப்பல் வடிவமைப்பு. இன்னொருவர் விமானங்களுக்கு வழி சொல்லும் கட்டுப்பாட்டுப் பிரிவு. வேறொருவர் கல்விப் பிரிவு. உங்களையும் என்னையும் போல மேஜை, நாற்காலி, ஃபைல் என்று இருந்தவர்கள். 2016-ல் மொரீஷியஸ் வரை ஓட்டிப் பழகினார்கள். 2017 பிப்ரவரியில் அதே திவார் தீவில் கட்டிய 'தாரிணி' என்ற புதுப் படகு கப்பற்படையில் சேர்ந்தது. நீளம் 55 அடிதான். ஒரு டவுன் பஸ்ஸைவிடக் கொஞ்சம் நீளம். அந்த வருஷம் செப்டம்பர் 10-ஆம் தேதி கோவாவில் பாய் ஏற்றினார்கள்.

ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, ஃபாக்லாந்து தீவு, கேப் டவுன். நடுவில் 2018 ஜனவரியில் தென் அமெரிக்காவின் வால் நுனியான கேப் ஹார்ன். புயலுக்குப் பேர் போன இடம் அது. பெரிய கப்பல்காரர்களே சாமி கும்பிட்டுவிட்டுத் தாண்டுவார்கள். கடைசிக் கட்டத்தில் சுக்கான் தகராறு பண்ண, திட்டத்தில் இல்லாத மொரீஷியஸில் ஒதுங்கிச் சரிபண்ணிக்கொண்டு, 2018 மே 21-ஆம் தேதி கோவா வந்து சேர்ந்தார்கள். 21,600 கடல் மைல். நம் கணக்கில் சுமார் 40,000 கிலோமீட்டர்.

அதே தாரிணியில் 2024 அக்டோபர் 2-ஆம் தேதி இரண்டே பேர் கிளம்பினார்கள். ஒருவர் கோழிக்கோட்டு தில்னா. இன்னொருவர் புதுச்சேரி ரூபா அழகிரிசாமி. ஆம், நம்ம பக்கத்துப் பெண்தான். இரண்டே பேர் என்றால் யோசித்துப் பாருங்கள். ஒருவர் கண்ணை மூடினால் மற்றவர் கண்ணைத் திறந்துதான் ஆகவேண்டும். நடுக்கடலில் ஷிப்ட் மாற்றிவிட மூன்றாவது ஆள் கிடையாது, கேஷுவல் லீவும் கிடையாது. 2025 மே 29-ஆம் தேதி, எட்டு மாசம் கழித்து, ஊர் வந்து சேர்ந்தார்கள்.

இவர்கள் எல்லாம் அப்படி என்னதான் கற்றுக்கொண்டார்கள் என்று கேட்டால், அடிப்படைப் பாடம் எந்த ஊரிலும் ஒன்றுதான். சின்னப் படகில், ஆற்றிலோ ஏரியிலோ துறைமுகத்துக்குள்ளோ ஆரம்பிப்பார்கள்.

ஆரம்பப் பாடங்களில் ஒன்று, கவிழ்வது!

நிஜமாகத்தான். உயிர்க்கவச அங்கியை மாட்டிவிட்டு, வேண்டுமென்றே படகைக் கவிழ்க்கச் சொல்வார்கள். படகின் வயிற்றுக்குக் கீழே மீனின் துடுப்பு மாதிரி ஒரு பலகை நீட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் ஏறி நின்று, விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால், படகு சொட்டச் சொட்ட நிமிரும். பன்னிரண்டு வயசுப் பிள்ளைகூடத் தன் சின்னப் படகை நிமிர்த்திவிடும். நாலு தடவை கவிழ்த்து நிமிர்த்தியவருக்குக் கவிழ்வதைப் பற்றிய பயம் போய்விடும். முதல் நாளே கவிழக் கற்றுக்கொடுக்கிற பள்ளிக்கூடம் வேறு எங்கே இருக்கிறது? நம்மைப் பெயிலாகவே கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்து, முதல் தடவை பெயிலானபோது வீட்டு வாசலில் நிற்க வைத்தார்கள்.

இரண்டாவது பாடம் சுக்கான். சுக்கான் பிடியை இடது பக்கம் தள்ளினால் படகின் மூக்கு வலது பக்கம் போகும். வலது பக்கம் தள்ளினால் இடது பக்கம். (கல்யாணமானவர்களுக்கு இதில் விளக்கம் தேவைப்படாது.)

மூன்றாவது பாடம்தான் சூட்சுமம். காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசைக்கு நேராக எந்த ராஜா படகாலும் போக முடியாது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டு படகு நின்றுவிடும். சுமார் 45 டிகிரி ஒதுங்கிக் கொஞ்ச தூரம் இடது பக்கமாக, அப்புறம் பாயைத் திருப்பிக் கொஞ்ச தூரம் வலது பக்கமாக, மறுபடி இடது, மறுபடி வலது... இப்படிக் கோணல்மாணலாகப் போய்த்தான் எதிர்காற்றில் முன்னேற வேண்டும். மேனேஜரிடம் நேராகப் போய் 'நாலு நாள் லீவு' என்று கேட்டால் கிடைக்குமா? முதலில் அவர் பையனின் மார்க்கைப் பற்றி விசாரிப்பீர்கள். பிறகு போன மாசக் கணக்கு. பிறகு ஊரில் திருவிழா. அதே டெக்னிக்தான்.

ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் பாயின் அடியில் இருக்கும் நீளக் கட்டை சட்டென்று இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வீசும். குனிந்தவர் பிழைத்தார். குனியாதவருக்குப் புடைப்பு.

ஆற்றில் ஓட்டும்போது இன்னும் இரண்டு தொல்லை சேரும். கரை மரங்களும் கட்டடங்களும் காற்றைத் தடுத்துவிடும். ஜோராகப் போய்க்கொண்டிருக்கும் படகு ஒரு தோப்புக்கு முன்னால் திடீரென்று செத்துப் போகும். தோப்பு முடிந்ததும் காற்று ஒரே அறை அறையும். அடுத்தது, நீரோட்டம். எதிர்நீரோட்டத்தின் வேகமும் படகின் வேகமும் சமமாகிவிட்டால், பாய் புடைத்திருக்கும், நுரை பறக்கும், ஆனால் கரையில் இருக்கும் அதே தென்னை மரத்தையே அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதனால் ஆற்றில் பழகுகிறவர்களுக்கு ஒரு புத்திமதி உண்டு: முதலில் நீரோட்டத்தை எதிர்த்துப் போ. களைத்துப் போனால் ஆறே உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்து விடும்.

இதில் எந்தப் பாடத்துக்கும் மீசை தேவையில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். தேவைப்படுவது கையில் கயிறு, கன்னத்தில் காற்று, கொஞ்சம் பொறுமை.

'சரி ஸார், கற்றுக்கொள்ளட்டும். அதற்கு எதற்குப் பெண்களுக்கென்று தனிக் குழு? எல்லோரும் சேர்ந்து கற்றுக்கொண்டால் என்ன?'

இந்தக் கேள்வியை எதிர்பார்த்தேன். கேட்பவர் வீட்டில் ஒரு ஸ்கூட்டர் இருக்கும் என்றும் எதிர்பார்க்கிறேன்.

சாயந்திரம் ஆறு மணி. ஏதோ ஒரு பள்ளிக்கூட மைதானம். மனைவி ஸ்கூட்டரில். கணவர் பின்னால் ஓட்டமும் நடையுமாக.

"பிரேக்கைப் புடி! பிரேக்கை! அது ஆக்ஸிலேட்டரு! ஏய், முன்னால பாரு!"

"நீங்க கத்துறதுலதாங்க எனக்குக் கை நடுங்குது."

"நானா கத்துறேன்? இங்க கொண்டா, நான் ஓட்டிக் காட்டுறேன், பாத்துக்க."

அடுத்த அரைமணி நேரம் கணவர் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வருவார். மனைவி கைப்பையை வைத்துக்கொண்டு ஓரமாக நின்று பாராட்டுவார். இப்படி ஒரு மாசம் நடந்தால் கணவர் பிரமாதமாக ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்வார். அதற்கப்புறம் ஒரு நாள் அவருடைய தங்கச்சி வந்து, "நீங்க ஏறுங்க மதினி, நான் பின்னால சும்மா உக்காந்துக்கிறேன். விழுந்தா ரெண்டு பேரும் சேந்து விழுவோம்" என்று சொல்வாள். மூன்றாம் நாள் மதினி சந்தைக்குப் போய்க் காய் வாங்கி வருவார்.

விஷயம் இவ்வளவுதான். கயிறு யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் கயிறு பிடிபடும். படகில் ஏற்கனவே தெரிந்தவர் ஒருவர் இருந்தால், முதல் காற்று பலமாக அடித்ததுமே, "இங்கே கொடு" என்று வாங்கிவிடுவார். அன்பாகத்தான் வாங்குவார். ஆனால் வாங்கிவிடுவார். மற்றவர் அன்றைக்கு முழுக்கப் படகில் ஏற்றின சாமான் மாதிரி பேசாமல் உட்கார்ந்து வரவேண்டியதுதான். நமக்கு அந்த வழக்கம் அதிகம் இருப்பதால்தான், நாம் இல்லாத படகு அவர்களுக்கு வசதியாக இருக்கிறது.

இது நம் ஊர் வியாதி மட்டும் என்று வெட்கப்படாதீர்கள். அமெரிக்காவில் செவர்ன் என்ற ஆறு கடலோடு சேரும் இடத்தில் அன்னாபோலிஸ் என்று ஓர் ஊர். வீட்டுக்கு வீடு படகு வைத்திருக்கும் பேர்வழிகள். அங்கே சுசான் போகல் என்ற பெண்மணி 1984-ல் பெண்களுக்கென்றே ஒரு பாய்மரப் பள்ளி ஆரம்பித்தார். பள்ளிக்கூடம் என்றால் 'கல்வியே செல்வம்' மாதிரி ஏதாவது ஒரு பொன்மொழி வேண்டுமே? அவர் வைத்த பொன்மொழி: 'இங்கே யாரும் கத்த மாட்டார்கள்'. இந்த ஒரு வரியைப் படித்துவிட்டுச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று உங்கள் மனைவியைக் கேட்டுப் பாருங்கள்!

இங்கிலாந்தில் டிரேசி எட்வர்ட்ஸ் கதை இன்னும் காரம். 1985-86-ல் நடந்த உலகைச் சுற்றும் பாய்மரப் பந்தயத்தில் சேர ஆசைப்பட்டார். கிடைத்த இடம், படகின் அடுக்களை. சமையல்காரியாகவே உலகைச் சுற்றி வந்தார். அடுத்த பந்தயத்துக்குப் பெண்களையே சேர்த்துக்கொண்டு, தன் வீட்டை அடமானம் வைத்து ஒரு பழைய படகை வாங்கி, அதைப் புதுப்பித்து 'மெய்டன்' என்று பெயர் வைத்து, 1989-ல் இறங்கினார். அப்போது அவருக்கு வயசு 26. பத்திரிகைகள் பண்ணிய கேலியை இங்கே மொழிபெயர்த்தால் ஆசிரியர் வெட்டிவிடுவார். மெய்டன் தன் பிரிவில் இரண்டு கட்டங்களை ஜெயித்து, மொத்தத்தில் இரண்டாவதாக வந்தது. அந்நாட்டின் 'இந்த ஆண்டின் சிறந்த படகுக்காரர்' விருதை முதல் தடவையாக ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார்கள். விருதின் பெயரில் இருந்த 'ஆண்' அப்படியேதான் இருந்தான், பாவம்.

வெளிநாடு வரை போவானேன்? நம் புதுக்கோட்டையில் 1991-லிருந்து என்ன நடந்தது? ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் எழுத்துப் படிக்க வந்த கிராமத்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அந்த மாவட்டத்தில் ஒரு லட்சம் பெண்கள் அளவுக்கு சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். யார் கற்றுக்கொடுத்தது? நேற்று கற்றுக்கொண்ட பெண் இன்று அடுத்தவளுக்கு. கூட்டம் கூட்டமாக, மைதானத்தில், விழுந்து சிரித்து, எழுந்து. தனியாக ஒருத்தி சைக்கிளில் போனால் டீக்கடை பெஞ்சு வாயைத் திறக்கும். ஐம்பது பேர் மணியடித்துக்கொண்டு போனால் பெஞ்சு எழுந்து வழிவிடும். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பலபேர் ஜென்ட்ஸ் சைக்கிளே மேல் என்றார்கள். முன்னால் இருக்கும் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! எந்த இன்ஜினீயரும் யோசிக்காத உபயோகம். குழுவின் பலம் இதுதான். தைரியம் என்பது தனித்தனியாக வாங்கினால் விலை அதிகம், மொத்தமாக வாங்கினால் மலிவு.

வேடிக்கை என்னவென்றால், படகு ஓட்டும் பெண்ணை நம் ஆண்களுக்கு ரொம்பப் பிடிக்கும், காகிதத்தில். 'பொன்னியின் செல்வ'னில் கோடிக்கரையிலிருந்து இலங்கைக்குத் தனியாகப் படகு வலித்துப் போகும் பூங்குழலியை நினைத்து மூன்று தலைமுறை பெருமூச்சு விட்டிருக்கிறது. 1950-லிருந்து! அந்தப் பூங்குழலியே எதிர்வீட்டில் பிறந்து, "கோடை லீவுல படகு ஓட்டக் கத்துக்கப் போறேன் மாமா" என்றால், "எதுக்கும்மா, டைலரிங் கத்துக்கலாமே?" என்போம்.

இன்னும் பின்னால் போனால், புறநானூற்றில் 66-ஆம் பாட்டு. கடலில் கப்பல் விட்டு, காற்றையே வேலை வாங்கிய வம்சத்தில் வந்தவனே என்று கரிகால் சோழனை அழைத்துவிட்டு, வெண்ணிப் போரில் உன்னிடம் தோற்றவன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று முகத்துக்கு நேரே கேட்கிற பாட்டு. பாடியவர் வெண்ணிக் குயத்தியார். பெண். பானை வனையும் குடும்பத்துக்காரர். பாய்மரத்தின் சூத்திரத்தை நாலு வார்த்தையில் முடித்துவிட்டு, ஜெயித்த ராஜாவையே எதிர்காற்றில் மடக்கியவர் என்று சொல்லலாம்.

சிரித்தது போதும். இந்த விவகாரத்தில் சிரிக்க முடியாத ஒரு பகுதி இருக்கிறது.

2004 டிசம்பர் 26. சுனாமி. அதற்கு அடுத்த வருஷம் ஆக்ஸ்ஃபாம் அமைப்பு ஒரு கணக்கு வெளியிட்டது. கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்களில் ஆண்கள் 146, பெண்கள் 391. ஏறக்குறைய மூன்று மடங்கு. அலை, ஆண் பெண் பார்த்தா அடித்தது? காரணங்கள் பல. ஆண்கள் பலர் ஆழ்கடலில் படகில் இருந்தார்கள். அலை அங்கே உயரமாக எழவில்லை. பெண்கள் கரையில் மீனுக்குக் காத்திருந்தார்கள், வீட்டில் பிள்ளைகளோடு இருந்தார்கள். பிள்ளைகளை விட்டுவிட்டு ஓட மனசு வரவில்லை. கூடவே இன்னொன்று. கடலை ஒட்டியே பிறந்து வளர்ந்த பெண்களில் பலருக்கு நீச்சல் தெரியாது. ஆண் பிள்ளைக்கு அது தானாக வந்தது. பெண் பிள்ளைக்கு, 'ஏ புள்ள, கரையேறு.'

கரையேறித்தான் இருந்தார்கள். கடல் கரையேறி வந்துவிட்டது.

எங்கள் ஊருக்கு மேலே தேக்கடி ஏரியில் 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் போனார்கள். அதே ஏரித் தண்ணீர்தான் சுரங்கம் வழியாக எங்கள் வாசலுக்கு வருகிறது. அதற்குப் பிறகு அங்கே உயிர்க்கவச அங்கி மாட்டாமல் படகில் ஏற்றுவதில்லை. நல்லது. ஆனால் அங்கி மாட்டிக்கொண்ட பிறகும், படகு சாய்ந்தால் எந்தப் பக்கம் நகர வேண்டும், எல்லோரும் ஒரே பக்கம் ஓடினால் என்ன ஆகும், தண்ணீரில் விழுந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் ஒரு நாளாவது படகைக் கையாண்டவருக்குத்தான் உடம்பில் இருக்கும். வெறும் பயணியாக நூறு தடவை ஏறி இறங்கினாலும் அது வராது.

அதனால் பெண்கள் படகு ஓட்டக் கற்றுக்கொள்வதை 'ஏதோ பணக்காரப் பொழுதுபோக்கு' என்று ஒதுக்காதீர்கள். தண்ணீரோடு வாழ்கிறவர்களுக்கு அது தற்காப்பு. தண்ணீரைப் பார்த்து ஒதுங்க மட்டும் கற்றுக்கொடுத்தால், தண்ணீர் தேடி வருகிற அன்றைக்கு என்ன செய்வார்கள்?

ஆரம்பம் சின்னதாக இருந்தால் போதும் என்பதற்கு சென்னை நேத்ரா குமணன் சாட்சி. 2009-ல் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கம் நடத்திய கோடை முகாமில் சேர்ந்தபோது வயசு பன்னிரண்டோ என்னவோ. பிள்ளை வீட்டில் சும்மா இருந்து டிவி ரிமோட்டை உடைக்கக் கூடாது என்பதற்காகப் பெற்றோர் சேர்த்துவிடும் வழக்கமான லீவு முகாம்தான். 2020 ஜனவரியில் மயாமியில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். உலகக் கோப்பைப் பாய்மரப் போட்டியில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண். 2021-ல் ஓமனில் தகுதிபெற்று, ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தேர்வான முதல் இந்தியப் பெண்ணும் ஆனார். டோக்கியோவில் 35-வது இடம். 2024 பாரிஸில் 21-வது இடம். பதினான்கு இடம் முன்னால்! எதிர்காற்றில் கோணல்மாணலாகப் போனாலும் முன்னேற்றம் முன்னேற்றம்தான்.

கூடலூரில் நாளைக்கே பாய் ஏற்றச் சொல்லவில்லை. மதகு திறந்திருக்கும்போது எங்கள் ஆற்றில் நன்றாக நீந்துகிறவர்களே இறங்கக்கூடாது. ஆனால் கோடை லீவில் பெண் பிள்ளைகளை நாலு பேராகச் சேர்த்து, பாதுகாப்பான இடத்தில், கற்றுக்கொடுக்கத் தெரிந்த ஒரு அக்காவை வைத்து நீச்சல் பழக்கலாம். ஊருக்கு ஊர் மகளிர் குழு இருக்கிறது. கடன் வாங்கவும் கட்டவும் கூடுகிறவர்கள் இதற்கும் கூடலாம். நீச்சல் வந்தால் அடுத்து துடுப்பு. துடுப்பு வந்தால் அடுத்து பாய். குல்லு பள்ளத்தாக்குப் பெண்ணுக்கு வந்தது கம்பம் பள்ளத்தாக்குப் பெண்ணுக்கு வராதா?

'இதில் என் பங்கு என்ன?' என்று பொறுப்புள்ள இளைஞர் யாராவது கேட்கலாம். இருக்கிறது ஸார், முக்கியமான பங்கு. அழைத்துக்கொண்டு போய் விடுங்கள். பணத்தைக் கட்டுங்கள். துண்டு, மாற்றுத் துணி, ஒரு ஃப்ளாஸ்க் காபி எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கரையில் உட்காருங்கள். படகு தப்பான பக்கம் திரும்பும். பாய் படபடக்கும். உங்களுக்குக் கை பரபரக்கும், தொண்டை வரை ஒரு 'இங்கே கொடு' வந்து நிற்கும். அதை முழுங்குங்கள். படகு ஒருவேளை கவிழும். அவர்களே நிமிர்த்திக்கொள்வார்கள். அது அவர்களுடைய பாடம்.

சும்மா உட்கார்ந்திருப்பது கஷ்டமாக இருந்தால் பாய் விரித்துக்கொள்ளுங்கள்... உங்களுக்குத் தெரிந்த அர்த்தத்தில்!